மேட்டில் மட்டும் நின்றுபோகும் லாரி: ஒரு டீசல் கோளாறைத் தேடிப் பிடித்த விவரம்

வண்டி 2004 மாடல், ஆறு சக்கர லாரி. ஆறு சிலிண்டர் டர்போ இன்ஜின், அதன் பக்கவாட்டில் இன்லைன் டீசல் பம்ப். கம்ப்யூட்டரோ சென்சாரோ கிடையாது. சுரண்டை, பாவூர்சத்திரம் பக்கம் காய்கறி ஏற்றி, செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கும் கொல்லத்துக்கும் கொண்டுபோய் இறக்குவதுதான் இதன் பிழைப்பு. தடியங்காய், பூசணி, சின்ன வெங்காயம், முருங்கை என்று சீசனுக்கு ஏற்ற லோடு. திரும்பும்போது பெரும்பாலும் காலியாகவே வரும்.

புகார் இதுதான். புளியரை தாண்டி மேடு ஏறும்போது இழுவை குறைகிறது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் வண்டி துடித்துத் துடித்து நடக்கிறது, அப்புறம் ஆஃப் ஆகிவிடுகிறது. டீசலைக் கையால் அடித்து ஏற்றும் ஹேண்ட் பிரைமரை நன்றாக அடித்தால் ஸ்டார்ட் ஆகிறது; கொஞ்ச தூரம் போய் மறுபடியும் நிற்கிறது. மேட்டின் உச்சியான கோட்டைவாசல் தாண்டி இறக்கத்தில் விழுந்துவிட்டால் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் எல்லா நடையிலும் இப்படி வருவதில்லை. அதே லோடு, அதே மேடு, அதே டிரைவர், சில நடைகளில் ஒரு குறையும் இல்லாமல் ஏறிவிடும்.

இந்த ரோட்டைத் தெரிந்தவர்களுக்கு இதன் ஆபத்து புரியும். புளியரைக்கு மேலே எஸ் வளைவில் ஒரு லோடு லாரி நின்றால், தமிழ்நாட்டுப் பக்கமும் கேரளப் பக்கமும் வண்டிகள் தேங்கிவிடும். பின்னால் எம்-சாண்ட் ஏற்றிய டாரஸ் லாரிகள் மூச்சுப் பிடித்து வந்துகொண்டிருக்கும். இன்ஜின் நின்றால் கம்ப்ரசரும் நிற்கும், பிரேக்குக்கான காற்று புதிதாக ஏறாது. டிரைவர் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுக்கொண்டு உட்கார, கிளீனர் கல்லைத் தூக்கிக்கொண்டு டயருக்கு அடியில் வைக்க ஓட வேண்டும். மழைச் சாரலில், இருட்டில், வளைவுக்குள் அதைச் செய்வது சின்ன விஷயம் இல்லை. விட்டு விட்டு வருகிற கோளாறுதானே, போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம் என்று இந்த வண்டியை விட்டிருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஏற்கெனவே செய்யப்பட்டவை

எங்கள் பட்டறைக்கு வருவதற்கு முன்பே இந்த வண்டிக்கு நிறையச் செலவாகியிருந்தது. முதலில் இரண்டு டீசல் ஃபில்டரையும் மாற்றியிருக்கிறார்கள். ஒரு நடை நன்றாகப் போய், மறுபடியும் நின்றிருக்கிறது. பிறகு டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப் புதிதாகப் போட்டார்கள். அதன் பிறகும் நின்றது. கடைசியில் மெயின் பம்பான அந்த இன்லைன் பம்பையே கழற்றி, பம்ப் கடைக்கு அனுப்பி, டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, சிலிண்டருக்கு ஒன்றாக டீசலை அழுத்தித் தள்ளும் ஆறு எலிமென்ட்டும் மாற்றி, சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில் எல்லாம் செக் பண்ணி வாங்கியிருக்கிறார்கள். பெரிய செலவு. அதற்குப் பிறகு தொடர்ந்து சில நடை ஒழுங்காகப் போனதால், எல்லோரும் வேலை முடிந்தது என்று நம்பிவிட்டார்கள். அப்புறம் ஒரு விடியற்காலையில் எஸ் வளைவிலேயே நின்றுவிட்டது.

ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் வண்டி கொஞ்ச காலம் நன்றாக ஓடியிருக்கிறது. அந்த நல்ல காலத்துக்கும் அந்த வேலைக்கும் உண்மையிலேயே சம்பந்தம் இருந்ததா என்ற கேள்விக்குள்தான் இந்தக் கோளாறு முழுவதும் ஒளிந்திருந்தது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

பம்பின் மேல் பழி விழுந்ததற்குக் காரணம் உண்டு. பிரைமரை அடித்தால் வண்டி உயிர் பெறுகிறது, பிரைமர் உட்கார்ந்திருப்பது ஃபீட் பம்பின் தலையில். அதனால் ஃபீட் பம்ப் இழுக்கவில்லை என்று தோன்றும். அதை மாற்றியும் தீரவில்லை என்றால் அடுத்தது மெயின் பம்ப். பார்ப்பதற்கு நியாயமான வழிதான். ஆனால் பிரைமரை அடிக்கும்போது நடப்பது இவ்வளவுதான்: லைனில் இருக்கும் காற்று தள்ளப்பட்டு, டீசல் வந்து நிற்கிறது. லைனில் டீசல் இல்லாமல் போனது ஏன் என்பதை அது சொல்வதில்லை.

டீசல் போகும் வழி

டேங்குக்குள் மேலிருந்து இறங்கும் ஒரு சக்‌ஷன் பைப், அதன் அடியில் ஒரு சல்லடை. அங்கிருந்து சேஸிஸ் ஓரமாகப் பைப் வந்து ஃபீட் பம்பில் சேர்கிறது. ஃபீட் பம்ப், மெயின் பம்பின் பக்கத்திலேயே போல்ட் போட்டு மாட்டியிருக்கும். மெயின் பம்பின் கேம்ஷாஃப்ட்தான் அதைத் தள்ளும். அது டீசலை டேங்கிலிருந்து இழுத்து, ஃபில்டர் வழியாக மெயின் பம்பின் வயிற்றுக்குள் கொடுக்கும். தேவைக்கு மேல் வருவது ஓவர்ஃப்ளோ வால்வைத் திறந்துகொண்டு திரும்பவும் டேங்குக்கே போய்விடும். 1927இல் ஜெர்மனியில் பாஷ் நிறுவனம் வரிசையாக உற்பத்தி செய்யத் தொடங்கிய இன்லைன் பம்பின் அடிப்படைதான் இன்றும் நம் ரோடுகளில் ஓடும் பழைய லாரிகளில் இருக்கிறது. உறுதியான அமைப்பு. அது தானாகக் கெடுவதைவிட, அதற்கு வரும் டீசல் கெடுவதால் பழி சுமப்பதுதான் அதிகம்.

இதில் இரண்டு பாதி இருப்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உறிஞ்சும் பாதி; அங்கே உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. ஃபீட் பம்பிலிருந்து மெயின் பம்ப் வரை தள்ளும் பாதி. அங்கே அழுத்தம் அதிகம். தள்ளும் பாதியில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டும், கண்ணில் பட்டுவிடும். உறிஞ்சும் பாதியில் ஓட்டை இருந்தால் வெளியே ஒரு சொட்டுகூடக் காணாது. காற்றுதான் உள்ளே போகும். அதனால் 'எங்கேயும் லீக் இல்லை, துடைத்துப் பார்த்தாச்சு' என்று யாராவது சொன்னால், பாதி வழியைத்தான் அவர் பார்த்திருக்கிறார்.

டிரைவர் சொன்னவை

வண்டி வந்த அன்று ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் டிரைவர் அண்ணனிடம் நேரம் எடுத்துக் கேட்டோம். எப்போது நிற்கிறது என்று எல்லோரும் அவரிடம் கேட்டிருந்தார்கள். எப்போது நிற்கவே இல்லை என்று யாரும் கேட்கவில்லை.

"வெயில் நேரம்னு இல்ல தம்பி, மழைன்னும் இல்ல. விடியக்காலம் சாரல்லயும் நின்னிருக்கு, மத்தியானம் கொதிக்கிற வெயில்லயும் நின்னிருக்கு. ஆனா வரும்போது தென்மலை மேடு ஏறுதேன், அது இதவிட நீளம். அங்க ஒருநாளும் நின்னதில்ல."

"வரும்போது லோடு உண்டா, அண்ணே?"

"காலி வண்டிதான்."

"மதுரைப் பக்கம் லோடு போறீங்களே, அங்க?"

"அங்க நிக்காது. என்னைக்காச்சும் லேசா ஒரு வெட்டு வெட்டும், அவ்வளவுதான். சில நாள் காலையில கூடுதலா ரெண்டு செல்ஃப் வாங்கும். அதையும் சொல்லிருதேன்."

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு நாங்கள் கோடு போட்டு வைத்தோம். சில நாள் காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகத் தாமதம் என்றால், இரவில் லைனில் இருந்த டீசல் டேங்குக்குத் திரும்ப இறங்கியிருக்கலாம். அது இறங்க வேண்டுமானால் எங்கோ காற்று நுழைய வேண்டும்.

புகையைப் பற்றியும் கேட்டோம். மேட்டில் இழுவை குறையும்போது கறும்புகை வந்தால், டீசல் போகிறது, காற்று போதவில்லை என்று அர்த்தம். ஏர் ஃபில்டர், டர்போ, டர்போவிலிருந்து வரும் ஹோஸ் பக்கம் போக வேண்டும். இந்த வண்டியில் இழுவை குறையும்போது புகையும் குறைந்துவிடும் என்றார் கிளீனர். பின்னால் எட்டிப் பார்த்துக் கல் போடுகிறவர் அவர்தான். டிரைவர் பார்க்காததை அவர் பார்த்திருந்தார். புகை குறைகிறது என்றால் சிலிண்டருக்கு டீசலே போய்ச் சேரவில்லை. ஸ்டார்ட் ஆகும்போது கொஞ்சம் வெள்ளைப் புகை என்பதும் லைனில் காற்று இருப்பதற்குப் பொருந்தும்.

எலிமென்ட் தேய்மானம் என்ற பழைய முடிவு எங்களுக்கு அப்போதே சந்தேகமாக இருந்தது. எலிமென்ட் தேய்ந்தால், சூடாகி இளகிய டீசல் இடுக்கு வழியாகக் கசியும். ஆனால் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதுதான் கசிவதற்கு அதிக நேரம் கிடைக்கும். அதனால் அந்தக் கோளாறு முதலில் செல்ஃப் அடிக்கும்போது, இன்ஜின் சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாமல் தெரியும். 1800 ஆர்பிஎம்மில் இழுத்துக்கொண்டிருக்கும் வண்டியைத் திடீரென்று நிறுத்தி, இறக்கத்தில் ஒன்றும் நடக்காதது போல ஓடவிடாது. பம்ப் கடை கொடுத்த டெஸ்ட் சார்ட்டையும் பார்த்தோம். ஆறு எலிமென்ட்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு டீசல் கொடுத்திருந்தன. அவர்கள் செய்த வேலை சுத்தமான வேலை. அவர்களிடம் கொடுக்கப்பட்ட பம்பில் நோய் இல்லை.

பட்டறையில் பார்த்தவை

சின்ன விஷயங்களை முதலில் முடித்தோம். இன்ஜினை நிறுத்தும் ஸ்டாப் கேபிள் சரியாகத் திரும்புகிறது, கேபின் ஆட்டத்தில் இழுபடவில்லை. புகைக் குழாயை அடைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் திறந்தே நிற்கிறது. டேங்க் மூடியில் இருக்கும் காற்று ஓட்டை அடைத்திருந்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசல் வராது. ஆனால் டிரைவர் ஏற்கெனவே மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டிப் பார்த்திருந்தார், வித்தியாசம் இல்லை.

ஃபீட் பம்பின் சக்‌ஷன் பக்கம் உறிஞ்சும் அளவைக் காட்டும் ஒரு வேக்கம் கேஜ் மாட்டி, டேங்கிலிருந்து வரும் வழியை ஒரு நிமிடம் அடைத்து இன்ஜினை ஓடவிட்டோம். முள் 0.4 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) மேல் ஏறியது. நிறுத்திய பிறகும் சட்டென்று விழவில்லை. ஃபீட் பம்பின் வால்வுகளும் பிஸ்டனும் நல்ல நிலையில் இருக்கின்றன என்பதற்கு இதைவிட எளிய சான்று இல்லை. கழற்றிப் போட்ட பழைய ஃபீட் பம்பை டிரைவர் அண்ணன் டூல் பாக்ஸில் வைத்திருந்தார். அதையும் மாட்டிப் பார்த்தோம். அதுவும் அப்படியே இழுத்தது.

அப்புறம் சக்‌ஷன் லைனில், ஃபீட் பம்புக்குச் சற்று முன்னால், கொத்தனார் மட்டம் பார்க்கும் கண்ணாடி டியூப் ஒரு முழம் அளவு போட்டோம். ரிட்டர்ன் லைனிலும் ஒரு துண்டு. இந்த டியூப் டீசலில் ஊறி இளகிவிடும், அதனால் டெஸ்ட்டுக்கு மட்டும்தான். அப்படியே விட்டுவிடக் கூடாது. இரண்டு பக்கமும் கிளிப்பை இரட்டையாகப் போட்டு, மேலே கிரீஸ் தடவினோம். காற்றைத் தேடப் போட்ட டியூப்பின் ஜாயின்ட் வழியாகவே காற்று நுழைந்தால், இல்லாத நோய்க்கு மருந்து தேட வேண்டியிருக்கும். லைனைத் திறந்த உடனே சில நிமிடம் குமிழி வரத்தான் செய்யும். அது வடியும் வரை இன்ஜினை ஓடவிட்டுப் பிறகுதான் பார்க்க வேண்டும்.

பட்டறையில் ஐடிலிலும் பார்த்தோம், ரேஸ் பண்ணியும் பார்த்தோம். ஒரு குமிழிகூட இல்லை. பெரிய வேலை முடிந்தது என்று உரிமையாளர் அண்ணாச்சி டேங்கை நிரப்பி அனுப்பியிருந்தார். அதன் அர்த்தம் அன்றைக்கு எங்களுக்குத் தெரியவில்லை.

கேஜோடு மேட்டில்

நின்ற வண்டியில் வராத கோளாறை நின்ற வண்டியில் தேடிப் பயன் இல்லை. அது வருகிற இடத்தில், வருகிற நேரத்தில், கேஜ் கண்ணெதிரே இருக்க வேண்டும். ஃபில்டருக்கும் மெயின் பம்புக்கும் நடுவில் பிரஷர் கேஜ், சக்‌ஷனில் வேக்கம் கேஜ், இரண்டையும் நீள ஹோஸில் கொண்டுவந்து இடது பக்கக் கண்ணாடிக் கம்பியில் கட்டினோம். டீசல் ஹோஸைக் கேபினுக்குள் கொண்டுவரக் கூடாது. பிய்த்துக்கொண்டால் சூடான இடத்தில் தெளிக்கும்.

அளப்பதற்கு முன்னால், எந்த முள் எப்படி அசைந்தால் என்ன அர்த்தம் என்று தீர்மானித்துக்கொண்டோம். பிரஷர் விழுந்து வேக்கம் ஏறினால், டேங்க் பக்கம் அடைப்பு: சல்லடை, நசுங்கிய ஹோஸ், மூடி ஓட்டை. வேக்கம் அப்படியே இருந்து பிரஷர் மட்டும் விழுந்தால் ஃபில்டர் அல்லது ஓவர்ஃப்ளோ வால்வ். இரண்டும் சேர்ந்து விழுந்தால், ஒன்று ஃபீட் பம்ப் இழுக்கவில்லை, அல்லது அதற்கு முன்னால் எங்கோ காற்று நுழைகிறது. ஃபீட் பம்பை ஏற்கெனவே சோதித்தாகிவிட்டது. மிச்சம் இருப்பதைக் கண்ணாடி டியூப் காட்டிக்கொடுக்கும்.

தடியங்காய் லோடோடு முதல் தடவை ஏறியபோது பிரஷர் 1.2 பாரில் அசையாமல் நின்றது, வேக்கம் 0.1. வண்டி சிரமமே இல்லாமல் கோட்டைவாசல் ஏறிவிட்டது. கருப்பசாமி கோவில் முன்னால் வழக்கம்போல வண்டியை ஒதுக்கிக் கும்பிட்டுவிட்டு, டிரைவர் அண்ணன் சொன்னார்: "பாத்தீங்களா, நீங்க கூட வந்தா நிக்க மாட்டேங்கு." கேஜைக் கழற்ற வேண்டாம், அப்படியே நடை ஓடட்டும் என்று சொன்னோம். கிளீனருக்கு முள்ளைப் படிக்கவும் டியூப்பைப் பார்க்கவும் சொல்லிக்கொடுத்தோம். அவர் அதை மிகக் கவனமாகச் செய்தார்.

சில நாள் கழித்துப் போன் வந்தது. எஸ் வளைவுக்குக் கீழேயே ஆரம்பித்திருந்தது. கிளீனர் சொன்ன கணக்கு: பிரஷர் 1.2இலிருந்து மெல்ல இறங்கி 0.5க்கு வந்து ஆடியது, பிறகு பூஜ்ஜியம். வேக்கம் முள்ளும் கூடவே இறங்கி நடுங்கியது. வண்டி நின்றதும் ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறார். டியூப்பில் பாதிக்கு மேல் காற்று, டீசல் துண்டு துண்டாக நின்றிருக்கிறது. அதுவும் ஃபீட் பம்புக்கு முன்னால் இருக்கும் டியூப்பில்.

அந்த ஒரு தகவலோடு ஃபீட் பம்ப், ஃபில்டர், மெயின் பம்ப், நாசில் அத்தனையும் விடுதலை ஆகிவிட்டன. காற்று டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரும் வழியில் நுழைகிறது.

கேனும் சோப்புத் தண்ணீரும்

அடுத்து அந்த வழியையும் இரண்டாகப் பிரித்தோம். டேங்க் பக்கத்தில் ஒரு சுத்தமான கேனை இறுகக் கட்டி, டேங்கின் சக்‌ஷன் பைப்பைக் கழற்றிவிட்டு, சேஸிஸ் பைப்பைக் கேனில் விட்டோம். ரிட்டர்னையும் கேனுக்கே திருப்பினோம். இல்லையென்றால் கேன் சீக்கிரம் காலியாகி, புதிதாக ஒரு குழப்பம் கிளம்பும். அதே மேடு, அதே அளவு லோடு. முள் அசையவில்லை, டியூப்பில் குமிழி இல்லை. சேஸிஸ் ஓரமாக வரும் நீளப் பைப்பும் அதன் ஜாயின்ட்டுகளும் நல்லவை என்பதற்கு இது சான்று. சந்தேகம் தீர, அந்தப் பைப்பின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் 0.3 பார் காற்று கொடுத்துச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம். எங்கும் நுரை எழவில்லை.

மிச்சம் இருந்தது டேங்குக்குள் இறங்கும் சக்‌ஷன் பைப் மட்டும். அதை வெளியே எடுத்தோம். சல்லடை சுத்தம். பைப்பின் நடுவில், அடியிலிருந்து ஏறக்குறைய 20 செ.மீ. உயரத்தில், ஒரு பழைய பித்தளை ஒட்டு. எப்போதோ பைப் உடைந்து, எங்கோ ஒரு பட்டறையில் பற்றவைத்திருக்கிறார்கள். கண்ணுக்கு ஒட்டு முழுதாகத்தான் தெரிந்தது. கீழ் முனையை அடைத்து, வாளித் தண்ணீரில் அமுக்கி ஊதினால் ஒன்றும் வரவில்லை. பைப்பை லேசாக வளைத்துப் பிடித்து ஊதியபோது, ஒட்டின் ஒரு பக்கத்தில் சரம் போலக் குமிழி வந்தது. மயிரிழை விரிசல். வண்டி ஆடும்போது திறக்கிறது, நின்றால் மூடிக்கொள்கிறது. நடுவில் ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுவது போலத்தான்: ஓட்டை இளநீருக்குள் மூழ்கியிருக்கும் வரை தெரியாது, வெளியே தெரிந்த நொடியில் காற்றுதான் வரும்.

ஏன் மேட்டில் மட்டும், ஏன் சில நடையில் மட்டும்

விரிசல் கிடைத்ததோடு நாங்கள் திருப்தி அடையவில்லை. டிரைவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் அந்த விரிசல் பதில் சொல்கிறதா என்று பார்த்தோம். சொல்லாவிட்டால் இன்னொரு கோளாறும் இருக்கிறது என்று அர்த்தம்.

டேங்க் 100 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம். கொள்ளளவு 200 லிட்டருக்குச் சற்று மேல். ஒரு செ.மீ. உயரத்துக்கு 4.5 லிட்டர். விரிசல் 20 செ.மீ. உயரத்தில் இருப்பதால், சமதளத்தில் டீசல் 90 லிட்டருக்குக் கீழே போனால்தான் விரிசல் வெளியே தெரியும். ஆனால் இந்த டேங்கில் சக்‌ஷன் பைப் இருப்பது முன்பக்க ஓரத்தில், நடுவிலிருந்து 40 செ.மீ. தள்ளி. மூக்கு மேலே தூக்கி ஏறும்போது டீசல் பின்பக்கம் போய்ச் சேரும். நூற்றுக்கு ஏழு ஏற்றம் என்று வைத்துக்கொண்டால், பைப் இருக்கும் இடத்தில் மட்டம் 2.8 செ.மீ. இறங்குகிறது. அதாவது மேட்டில் 100 லிட்டர் இருக்கும்போதே விரிசல் காற்றைக் குடிக்கத் தொடங்கிவிடும்.

இப்போது அண்ணாச்சியின் கணக்கு. நடைக்கு 50 லிட்டர் போட்டு அனுப்புவார், ஒரு நடைக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் செலவாகும். டேங்கில் எப்போதும் மிச்சமாக 40 லிட்டர் கிடக்கும். அப்படியானால் புளியரை மேட்டில் ஏறும்போது 90 சொச்சம்தான். விரிசல் வெளியே. எப்போதாவது டேங்கை நிரப்பினால் முதல் நடை 200, அடுத்தது 150, இரண்டும் பழுதில்லாமல் போகும். மூன்றாவது நடை 100இல் வந்து நிற்கும், அங்கே துடிக்க ஆரம்பிக்கும்.

பழைய வேலைகள் எல்லாம் பலித்தது போலத் தோன்றியதன் காரணம் இதுதான். ஃபில்டர் மாற்றியபோதும், ஃபீட் பம்ப் போட்டபோதும், மெயின் பம்ப் வந்தபோதும், இனிமேல் கவலை இல்லை என்று டேங்கை நிரப்பியிருக்கிறார்கள். கிளவ் பாக்ஸில் கிடந்த டீசல் பில்களை எடுத்து, வண்டி நின்ற நாட்களோடு வைத்துப் பார்த்தோம். நிரப்பிய பில்லுக்கு அடுத்த நாட்களில் வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை. குணப்படுத்தியது முழு டேங்க், பெயர் வாங்கியது புது சாமான்.

தென்மலை மேட்டில் நிற்காததற்கும் பதில் கிடைத்தது. அங்கே வண்டி காலி. முழு லோடில் மேடு ஏறும்போது இந்த அளவு இன்ஜின் மணிக்கு 25 லிட்டர் போலக் குடிக்கும். காலியாக இருந்தால் அதில் சிறு பங்குதான். ஃபீட் பம்ப் எப்போதும் தேவைக்கு அதிகமாகக் கொடுப்பதால், காலி வண்டியில் உபரி டீசல் குமிழிகளையும் அள்ளிக்கொண்டு ரிட்டர்ன் வழியாக டேங்குக்குப் போய்விடும். லோடில் உபரி குறைந்து, காற்று மெயின் பம்பின் வயிற்றில் தங்கி எலிமென்ட்டுக்குள் போகிறது. காற்றை எலிமென்ட்டால் அழுத்த முடியும், நாசிலைத் திறக்க முடியாது. சிலிண்டர் ஒவ்வொன்றாக விடும். மதுரை ரோட்டில் லேசாக வெட்டியதும், டேங்க் குறைந்திருந்த நாட்களில் காலையில் செல்ஃப் அதிகம் வாங்கியதும் இதே கணக்குக்குள் அடங்கின. கோட்டைவாசலுக்கு அப்பால் இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து கால் எடுத்தால் டீசல் தேவையே இல்லை. டேங்கும் முன்பக்கம் சாய்ந்து, டீசல் பைப்பைத் தேடி வந்துவிடும்.

சரி செய்ததும் சோதித்ததும்

பழைய பைப்பைத் திரும்பவும் பற்றவைக்க அண்ணாச்சி கேட்டார். மறுத்துவிட்டோம். ஒட்டு இல்லாத ஒரே நீள ஸ்டீல் பைப், பழைய அதே விட்டத்தில், டேங்க் அடியிலிருந்து 25 மி.மீ. மேலே நிற்கும்படி வெட்டி, ஆட்டம் குறைய டேங்கின் உள் தடுப்போடு ஒரு கிளாம்ப் போட்டோம். செப்பு வாஷர் எல்லாம் புதிது. செலவு சில நூறு ரூபாய்தான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டீசல் டேங்கில், அது எவ்வளவு காலியாகத் தெரிந்தாலும், அப்படியே வெல்டிங் வைக்கவே கூடாது. காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும். டீசல்தானே, பெட்ரோல் இல்லையே என்ற நினைப்பில் உயிர் போன பட்டறைகள் உண்டு. அதேபோல இந்தத் தேடல் முழுவதும் நாங்கள் தொட்டது குறைந்த அழுத்தப் பக்கத்தை மட்டும். நாசில் பைப்பில் 200 பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும். அங்கே கசிவு பார்க்க விரலை வைத்தால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி ஆனால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

புது பைப் போட்ட பிறகு டேங்கை நிரப்பி அனுப்பியிருந்தால், நாங்களும் மற்றவர்கள் மாதிரியே ஏமாந்திருப்போம். அதனால் வேண்டுமென்றே டேங்கில் 60 லிட்டர் மட்டும் விட்டு, முழு லோடோடு, கேஜும் டியூப்பும் இருந்தபடியே புளியரை மேட்டில் ஏற்றினோம். பழைய நிலையில் இந்த அளவுக்கு வண்டி எஸ் வளைவைக்கூடத் தொட்டிருக்காது. முள் 1.2ஐ விட்டு அசையவில்லை. டியூப்பில் டீசல் கண்ணாடி போலத் தெளிவாக ஓடியது. கோட்டைவாசலில் திருப்பி, மறுபடியும் கீழே வந்து, இன்னொரு முறை நடுமேட்டில் நிறுத்தி எடுத்துப் பார்த்தோம். முதல் செல்ஃபிலேயே பிடித்துக்கொண்டு ஏறியது.

அதன் பிறகு கண்ணாடி டியூப்பைக் கழற்றிவிட்டுப் பழைய ஹோஸை மாட்டினோம். ஃபில்டருக்கு அடுத்த இடத்தில் கேஜ் போடும் நிப்பிளை மட்டும் மூடி போட்டு அப்படியே விட்டோம். அடுத்த தடவை எவருக்காவது சந்தேகம் வந்தால், பம்பைக் கழற்றுவதற்கு முன்னால் கேஜ் மாட்ட இரண்டு நிமிடம் போதும். பழைய ஃபீட் பம்பை வாஷர் மாற்றி, எண்ணெய் விட்டு, பிளாஸ்டிக் கவரில் கட்டி டூல் பாக்ஸில் ஸ்பேராக வைத்தாகிவிட்டது. ஆவணியில் ஓணம் லோடு முழுவதையும் இந்த வண்டிதான் இழுத்தது. அண்ணாச்சி இன்னும் நடைக்கு 50 லிட்டர்தான் போடுகிறார்.